செவலையின் மேலுதட்டுக் கட்டி: எத்தனை நாள் பொறுக்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டு ஆண் பூனை செவலைக்கு ஆறு வயது. கருத்தடை செய்திருக்கிறோம். வெளியே அதிகம் போகமாட்டான். பத்து நாளைக்கு முன்பு அவன் கொட்டாவி விட்டபோதுதான் கவனித்தேன். வலப்பக்க மேலுதட்டில், கோரைப்பல்லுக்கு நேரே ஒரு சின்னப் புடைப்பு. அன்று கடுகளவுதான் இருந்தது. இன்று மிளகைவிடப் பெரிதாகிவிட்டது. நடுவில் சிவந்து, ஈரமாகப் பளபளக்கிறது. தொட்டால் கத்துவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வழக்கம்போலத்தான். "வலிக்காத கட்டிதானே, தானே அமுங்கிவிடும்" என்கிறார் கணவர். வீட்டிலிருந்த ஆன்டிசெப்டிக் களிம்பை இரண்டு நாள் தடவிப் பார்த்தேன். இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் முகப்பரு என்கிறார்கள், இன்னோரிடத்தில் புற்றுநோய் என்கிறார்கள். உடனே மருத்துவரிடம் ஓட வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா? வீட்டில் இன்னொரு பூனையும் நான்கு வயது மகளும் இருக்கிறார்கள். தொற்றிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றிரவே ஓட வேண்டிய நிலை இல்லை. ஆனால் இந்த வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். நாளைக்கே போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள். களிம்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு உங்கள் கடிதமே காரணம். பத்து நாளாகியும் கட்டி குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. அதன் மேல்தோல் போய் உள்ளிருக்கும் சதை வெளியே தெரிகிறது. ஈரமாகப் பளபளக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான். இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் நான் யாரையும் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவதில்லை.

உங்கள் கணவர் சொன்னதைக் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் என் மேசைக்கு முன்னால் உட்காரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதையே சொல்கிறார்கள். "வலி இருந்திருந்தால் முன்பே கூட்டி வந்திருப்போம் டாக்டர்." அவர்கள் அன்பில்லாதவர்கள் இல்லை. நமக்குப் பல்வலி வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம், பூனையும் அப்படித்தான் காட்டும் என்று நினைத்துவிடுகிறோம். பூனை காட்டாது. வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். வாய் முழுக்கப் புண்ணாக இருக்கும்போதும் தட்டுக்கு முன்னால் வந்து உட்காரும் பூனைகளைப் பார்த்திருக்கிறேன். பசி வலியைவிடப் பெரிது. இன்னொன்று, பூனை உதட்டில் வரும் சில கட்டிகளுக்கு உண்மையிலேயே வலி இருப்பதில்லை. அவற்றில் எளிதில் ஆறக்கூடியதும் உண்டு, உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. ஆகவே வலி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. எத்தனை நாளாக இருக்கிறது, வளர்கிறதா, மேல்தோல் உடைந்திருக்கிறதா, பூனை சாப்பிடும் விதம் மாறியிருக்கிறதா என்ற நான்கைத்தான் நான் கேட்பேன்.

சாப்பிடுகிறதா என்று கேட்கவில்லை, சாப்பிடும் விதம் என்கிறேன். இன்று செவலைக்கு உணவு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பாருங்கள். தட்டு வரை ஆவலாக வந்து, முகர்ந்துவிட்டு ஒரு கணம் தயங்குகிறானா? தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரே பக்கத்தில் மெல்லுகிறானா? வாயில் எடுத்த துண்டு கீழே விழுந்து, மறுபடி எடுக்கிறானா? கடினமான உணவை ஒதுக்கிவிட்டு ஈரமானதை மட்டும் நக்குகிறானா? சாப்பிட்டு முடித்ததும் முன்னங்காலால் வாயோரத்தைத் தேய்க்கிறானா? மோவாய்க்குக் கீழே முடி எச்சிலில் ஒட்டிக் கிடக்கிறதா? முதுகு முடி வழக்கமான மினுமினுப்பை இழந்து திரிதிரியாகத் தெரிகிறதா? வாய் வலிக்கும் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை முதலில் குறைத்துக்கொள்ளும். சாப்பாட்டைக் குறைப்பது அதற்கும் பிறகுதான். இதில் ஏதாவது ஒன்று தென்பட்டாலும் வாரக் கணக்கை விட்டுவிட்டு நாளையே கூட்டிப்போங்கள்.

இனி அந்தக் கட்டி என்னவாக இருக்கலாம் என்பதற்கு வருகிறேன். கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனாலும் இடமும் தோற்றமும் ஒரு திசையைக் காட்டும்.

நீங்கள் விவரித்ததைப் படித்ததும் என் மனதில் முதலில் வந்தது இண்டோலென்ட் அல்சர் என்ற புண். ரோடன்ட் அல்சர் என்று பழைய பெயரும் உண்டு. ரோடன்ட் என்றால் எலி இனம் என்பதால் எலி கடித்ததோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எலிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மேலுதட்டில், மேல் கோரைப்பல்லுக்கு நேரே அல்லது உதட்டின் நடுப்பிளவுக்கு அருகில் வரும். ஓரம் தடித்து உயர்ந்திருக்கும், நடு குழிந்து செம்பழுப்பாகப் பளபளக்கும். சில பூனைகளுக்கு இரண்டு பக்கமும் வந்து, மேலுதடே அரித்துத் தின்றதுபோல ஆகிவிடும். பார்க்கவே பயங்கரமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது.

இதைச் செய்வது பூனையின் சொந்த ரத்த அணுக்கள். ஈசினோபில் என்ற பெயரை நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒட்டுண்ணிகளையும் ஒவ்வாமைப் பொருட்களையும் எதிர்த்துப் போராடும் வெள்ளையணு அது. அளவுக்கு மீறி ஓரிடத்தில் குவிந்தால், எதிரிக்காக வைத்திருந்த நச்சுத் துகள்களைச் சொந்தத் தசையின் மீதே கொட்டிவிடுகிறது. இதே கோளாறு சில பூனைகளுக்குக் கீழுதடும் மோவாயும் வீங்கி உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருப்பதுபோல வரும். சிலவற்றுக்குப் பின்தொடையில் நீளமான தடிப்பாகவோ, வயிற்றில் ஈரமாக, கடுமையாக அரிக்கும் சிவப்புத் திட்டாகவோ வரும். செவலையைப் புரட்டிப் போட்டு வயிற்றையும் தொடையின் பின்புறத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். அங்கும் ஏதாவது தட்டுப்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நோயைக் கண்டுபிடிக்கும் வேலை பாதியாகக் குறையும்.

இந்த அணுக்களை இப்படிக் குவியவைப்பது பெரும்பாலும் ஒவ்வாமை. அது எதனால் என்றால், அடிக்கடி பிடிபடும் குற்றவாளி தெள்ளுப்பூச்சி. "எங்கள் பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, தெள்ளே கிடையாது" என்பீர்கள். ஒவ்வாமை உள்ள பூனை ஓயாமல் நக்கி நக்கி, உடம்பிலிருக்கும் தெள்ளை எல்லாம் விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வால் தொடங்கும் இடத்தில் முடியைச் சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகள்களை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். ஓரிரு நிமிடத்தில் அந்தத் துகளைச் சுற்றித் துருநிறம் பரவினால் அது மண் இல்லை, தெள்ளின் கழிவு. உங்கள் பூனையின் ரத்தம்தான் அப்படிக் கரைகிறது. தெள்ளு இருந்தால் வீட்டிலுள்ள இரண்டு பூனைகளுக்கும் ஒரே நேரத்தில், மருத்துவர் சொல்லும் பூனை மருந்தைப் போட வேண்டும், அதுவும் மூன்று மாதமாவது விடாமல். தெள்ளின் கூட்டுப்புழுக்கள் விரிப்பிலும் தரை இடுக்கிலும் வாரக்கணக்கில் காத்துக்கிடக்கும் என்பதால்தான் இத்தனை நாள். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் பூனைமேல் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் தாங்கும், பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும்.

தெள்ளு இல்லையென்றால் அடுத்தது உணவு. பூனை இதுவரை சாப்பிட்டிராத புரதத்தை மட்டும் கொடுத்து எட்டு வாரம் பார்ப்பார்கள். நடுவில் ஒரே ஒருநாள் யாராவது வேறொரு துண்டு கொடுத்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கொசுக்கடி, காற்றில் வரும் மகரந்தம், தூசுப்பூச்சி இவையும் காரணமாகலாம். சில பூனைகளுக்கு எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாது.

இதுவரை படித்துவிட்டு "அப்படியானால் இது அதுதான்" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். என் அனுபவத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். சொல்லும்போது இன்றைக்கும் மனது கனக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் பதினோரு வயதுப் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மேலுதட்டில் குழிந்த புண், தடித்த ஓரம். பாடத்தில் படித்த படம் அப்படியே முன்னால் உட்கார்ந்திருந்தது. சாம்பிள் எடுக்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பினேன். பத்தே நாளில் புண் பாதியாகச் சுருங்கியது. வீட்டாருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து வந்தபோது அது முன்பைவிட இரண்டு மடங்காகி, உதட்டைத் தாண்டி ஈறுக்குப் போயிருந்தது. புண்ணிலிருந்து ஒரு துளித் திசுவை வெட்டிப் பரிசோதிக்கும் பயாப்ஸி எடுத்தோம். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற புற்று. தாடை எலும்பைத் தொட்டுவிட்டது. புற்றுக்கட்டியைச் சுற்றியிருக்கும் வீக்கத்தையும் ஸ்டீராய்டு வற்றவைக்கும் என்பதை நான் ஏட்டில் படித்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. அந்த இரண்டு மாதத்தை அந்தப் பூனையிடமிருந்து எடுத்துக்கொண்டது என் அவசரம். அதற்குப் பிறகு, உதட்டுப் புண்ணுக்கு ஒரு சாம்பிளாவது எடுக்காமல் நான் ஸ்டீராய்டைத் தொடுவதில்லை.

பூனையின் வாயில் வரும் புற்றுக்கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஸ்குவாமஸ் செல் கார்சினோமாதான். பெரும்பாலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைகளுக்கு வரும். நாக்குக்கு அடியிலும் ஈறிலும்தான் அதிகம், உதட்டில் குறைவு. முகம் வெளுத்த பூனைகளுக்கு வெயில் படும் மூக்கு நுனி, காது நுனி, இமை ஆகிய இடங்களில் இதே புற்று ஆறாத பொருக்காகத் தொடங்கும். வாய்க்குள் வந்தது முற்றிய நிலையில் தெரிந்தால் எங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. பல பூனைகள் சில மாதங்களைத் தாண்டுவதில்லை. உதட்டின் ஓரத்தில் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் சுற்றிலும் நல்ல தசையோடு சேர்த்து வெட்டி எடுக்க வழி இருக்கிறது. உதட்டில் கிடைக்கும் இடமே கொஞ்சம்தான். ஒரு சென்டிமீட்டர் கட்டியை எடுப்பதும் மூன்று சென்டிமீட்டர் கட்டியை எடுப்பதும் ஒன்றில்லை. செவலைக்கு ஆறு வயதுதான், புற்றுக்கான வாய்ப்புக் குறைவு. இல்லவே இல்லை என்று மட்டும் யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது.

கோரைப்பல்லுக்கு நேரே என்று நீங்கள் குறித்து எழுதியதற்கு இன்னொரு பயனும் உண்டு. மேல் கோரைப்பல் விழுந்தோ, எடுக்கப்பட்டோ, உடைந்தோ போனால், மேலுதட்டை வெளிப்பக்கம் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் உதடு உள்ளே மடியும். வாய் மூடும்போதெல்லாம் கீழ்க் கோரைப்பல் அதன்மேல் குத்தும். குத்திக் குத்தி அங்கே ஒரு தடிப்பு, பிறகு புண். இதற்கு எந்த மருந்தும் கேட்காது. பல்லைச் சரிசெய்தால் தானே ஆறிவிடும். பல் வேரில் சீழ் வைத்தாலும் உதட்டின் மேலோ கண்ணுக்குக் கீழோ வீக்கம் தெரியலாம்.

உதட்டை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். அவன் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, ஜன்னல் வெளிச்சத்தில், அவன் முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டும்படி மடியில் வையுங்கள். ஒரு கை தலைக்கு மேலாக வந்து கன்னத்தில் லேசாகப் படியட்டும். கட்டைவிரலால் மேலுதட்டை மீசைக்குக் கீழே மெதுவாகத் தூக்குங்கள். வாயைத் திறக்கவே வேண்டாம். உதட்டின் உள்பக்கம், கோரைப்பல், ஈறின் ஓரம் மூன்றும் தெரியும். முதலில் நல்ல பக்கத்தைப் பாருங்கள். எது இயல்பு என்று தெரிந்தபின் கட்டி உள்ள பக்கத்தைப் பாருங்கள். ஐந்து வினாடி போதும். வாலை அடிக்கத் தொடங்கினால் விட்டுவிடுங்கள். கட்டியைப் பிதுக்கவோ, பொருக்கைப் பிய்க்கவோ கூடாது. பிதுக்கினால் உள்ளே இருப்பது வெளியே வருவதைவிட ஆழத்துக்குப் போவதுதான் அதிகம். கட்டிக்கு அருகில் அளவுகோலைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். மூன்று நாள் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று. கடுகு, மிளகு என்று நீங்கள் அளவு சொன்னது எனக்கு மிகவும் உதவியது. மில்லிமீட்டரில் இருந்தால் இன்னும் நல்லது.

முகப்பரு என்று ஓரிடத்தில் படித்ததாகச் சொன்னீர்கள். பூனைக்கும் முகப்பரு உண்டு, ஆனால் அதன் இடம் மோவாயும் கீழுதட்டு ஓரமும். மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள், அழுக்கு என்றே பலர் நினைப்பார்கள். பிளாஸ்டிக் தட்டில் கீறல்களுக்குள் கிருமி தங்குவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எவர்சில்வர் அல்லது பீங்கானுக்கு மாற்றி, தினமும் கழுவி வைத்தாலே பல பூனைகளுக்குத் தணிந்துவிடும். புள்ளிகள் சிவந்து வீங்கிச் சீழ் வைத்தால்தான் எங்களிடம் வர வேண்டும். மேலுதட்டில் ஒற்றையாக, ஈரமாக வந்திருக்கும் உங்கள் கட்டிக்கு இந்தப் பெயர் பொருந்தவில்லை.

செவலை நிறப் பூனை என்பதால் ஒன்று. இந்த நிறத்துப் பூனைகளுக்கு உதட்டிலும் மூக்கிலும் ஈறிலும் மச்சம்போலக் கறுப்புப் புள்ளிகள் வயதோடு கூடிக்கொண்டே போகும். தடவினால் தோலோடு தோலாகத் தட்டையாக இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். தட்டையாக இருந்தது மேடாகத் தொடங்கினால் மட்டும் காட்டுங்கள்.

இந்த வாரத்துக்குள் என்ற கணக்கு எப்போது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகமோ உதடோ ஓரிரு மணி நேரத்தில் திடீரென உப்பினால், பூச்சி கொட்டியிருக்கலாம். உப்பியதோடு மூச்சு வாங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, ஈறு வெளிறிப்போனாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள். மின்கம்பியைக் கடித்த பூனைக்கு உதட்டோரத்தில் வெளிறிய அல்லது கருகிய தீப்புண் இருக்கும். புண் சின்னதாக இருந்தாலும், அடுத்த பல மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோக்கலாம். அதனால் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும். சண்டை போட்டு வந்த இரண்டு மூன்று நாளில் கன்னமோ உதடோ சூடாக வீங்கி, பூனை சுருண்டு படுத்தால் அது சீழ்க்கட்டி. பூனையின் இயல்பான உடல்வெப்பமே 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, நம்மைவிடச் சூடு. தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்றோ இல்லையென்றோ சொல்ல முடியாது. சோர்வைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எச்சில் ஒழுக, தும்மல், கண்ணில் நீரோடு உதட்டிலும் நாக்கிலும் புண்கள் வந்தால் கேலிசிவைரஸ் போன்ற தொற்றாக இருக்கலாம். தரை துடைக்கும் கிருமிநாசினியில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கிய பூனைக்கும் வாய் இப்படி வெந்துபோகும்.

எந்தக் காரணமாக இருந்தாலும், வளர்ந்த பூனை இருபத்துநான்கு மணி நேரம் முழுதாகச் சாப்பிடவில்லை என்றால் அதுவே அவசரம். குட்டி என்றால் அதில் பாதி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து, கட்டியைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவந்துவிடும்.

களிம்புக்கு வருகிறேன். நீங்கள் செய்ததற்காக வருத்தப்பட வேண்டாம், இரண்டு நாளில் பெரிய கேடு வந்திருக்காது. வாந்தியோ எச்சில் ஒழுகலோ இருந்தால் மட்டும் அந்தக் களிம்பின் டியூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் நினைவில் வையுங்கள், பூனையின் உதட்டில் தடவுவது எதுவும் அரை நிமிடத்தில் வயிற்றுக்குள் போய்விடும். தடவும் மருந்து என்று ஒன்று அங்கே கிடையாது, எல்லாமே உள்மருந்துதான். வலிக் களிம்பு, ஸ்டீராய்டு களிம்பு, முகப்பருக் களிம்பு, டீ ட்ரீ எண்ணெய் எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் மாத்திரையைக் கனவிலும் நினைக்காதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரலால் செய்ய முடியாது. ஒரே மாத்திரை போதும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி இறந்துபோன பூனையைக் கையில் ஏந்தி வந்தவர்கள் எல்லாரும் வலியைக் குறைக்க நினைத்து, பிரியத்தில் கொடுத்தவர்கள்தான். புண் அசிங்கமாக இருந்தால் ஆறவைத்த வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒருமுறை ஒற்றி எடுங்கள், அது போதும்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பயம் குறையும். முதலில் கேள்விகள். எப்போது பார்த்தீர்கள், எப்படி வளர்ந்தது, உணவை மாற்றினீர்களா, தெள்ளு மருந்து கடைசியாக எப்போது போட்டீர்கள், வேறு பூனையோடு சண்டையா, என்ன மருந்து தடவினீர்கள். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் தேதி மறந்துவிடும். பிறகு கண்ணாடி வில்லை ஒன்றைப் புண்மேல் ஒற்றியோ, மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சியோ நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சாயமேற்றியபின் இளஞ்சிவப்புத் துகள்கள் நிறைந்த ஈசினோபில்கள் கூட்டமாகத் தெரிந்தால் ஒவ்வாமைப் பக்கம் தராசு சாயும். சந்தேகம் தீரவில்லை என்றாலோ, சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் எதிர்பார்த்தபடி ஆறவில்லை என்றாலோ பயாப்ஸி எடுக்க வேண்டும். அதற்கு லேசான மயக்க மருந்து தேவைப்படும். அதே மயக்கத்தில் பல்லுக்கு எக்ஸ்ரேயும் எடுத்து, நாக்குக்கு அடியிலும் பார்த்துவிடச் சொல்லுங்கள். விழித்திருக்கும் பூனையின் நாக்கடியைச் சரியாகப் பார்ப்பது எங்களுக்கே கஷ்டம்.

"பார்த்தாலே தெரிகிறது, ஊசி போட்டுவிடலாம்" என்று சொன்னால், தயங்காமல் கேளுங்கள்: "முதலில் ஒரு சாம்பிள் எடுத்துவிடலாமா டாக்டர்?" நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். ஸ்டீராய்டு போட்டபின் எடுத்தால் திசுவின் தோற்றமே மாறியிருக்கும், பரிசோதகருக்குச் சரியாகப் படிக்க முடியாது. ஸ்டீராய்டு கெட்டது என்று சொல்லவரவில்லை. ஒவ்வாமைப் புண்ணுக்கு அது அருமையான மருந்து, என் கையாலேயே எத்தனையோ உதடுகள் ஆறியிருக்கின்றன. மாதக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்பதால், புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து, காரணத்தைத் தேடுவதில்தான் கவனம் போக வேண்டும். காரணத்தை விட்டுவிட்டால் புண் திரும்பத் திரும்ப வரும்.

தொற்றுமா என்ற உங்கள் கடைசிக் கேள்வி. ஒவ்வாமைப் புண்ணும் தொற்றாது, புற்றும் தொற்றாது. கேலிசிவைரஸ் பூனைக்குப் பூனை தொற்றும், மனிதர்களுக்கு வராது. மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய பூஞ்சை நோய்கள் சில உண்டு. படர்தாமரையைப் பூனை நம் குழந்தைகளுக்குக் கொடுக்கும். ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற இன்னொரு பூஞ்சை முகத்தில் ஆறாத புண்ணாக வந்து, கீறல் வழியாக மனிதருக்கும் பரவும். செவலைக்கு அது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் என்ன நோய் என்று தெரியும்வரை மகள் அவன் முகத்தில் முத்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முதுகைத் தடவட்டும். புண்ணைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்பால் கழுவுங்கள். இரண்டு பூனைகளுக்கும் தனித்தனித் தட்டு, தனித்தனித் தண்ணீர்க் கிண்ணம். "செவலைக்கு வாயில் புண், ஆறும்வரை முகத்தைத் தொடக்கூடாது" என்று மகளிடம் நேராகச் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தைகள் இதை நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள்.

போன் செய்யும்போது, மயக்க மருந்து தேவைப்படலாமா, காலையில் உணவு கொடுக்காமல் கொண்டுவர வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவனைக் கொண்டுபோகும் கூண்டை இன்றிரவே எடுத்து, கதவைத் திறந்து, அவன் வழக்கமாகப் படுக்கும் துணியை உள்ளே விரித்துக் கூடத்தில் வைத்துவிடுங்கள். புறப்படும் அன்று காலையில் முதன்முதலாகக் கூண்டைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். இரண்டு நாள் அது கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் தானே உள்ளே போய்ப் படுத்துப் பார்ப்பான். பயாப்ஸி முடிவு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.